பீரோ அறை பார்க்க வந்தது

எங்கள் ஊரில் வீட்டுச் சாமான்களை வாடகை அறையில் போட்டுவைக்க வேண்டுமென்றால், சாமான்கள் தங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறை பார்க்க அனுப்பும். அது பார்த்துச் சம்மதித்த பிறகுதான் மற்றவை இடத்தைவிட்டு நகரும். எங்கள் வீட்டுச் சாமான்கள் பீரோவை அனுப்பின.

நானும் என் மனைவி திலகவதியும் பிளாஸ்டிக் முக்காலி வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலேயே போய்வந்துவிடலாம். ஆனால் வியாழக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது, படுக்கையறையில் இருக்க வேண்டிய பீரோ வாசல் கதவருகே தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தது. மற்ற சாமான்கள் ஒன்றும் தெரியாததுபோல் அதனதன் இடத்தில் இருந்தன.

"தொண்ணூறு கிலோ இருக்கும்," என்றாள் திலகவதி. "வண்டிக்குச் சொல்லுங்க."

அவள் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில், புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வருடத்துக்கு ஒரு முறையாக மூன்று முறை விண்ணப்பித்து, மூன்றாவது முறை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். நான் காலண்டர் அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். ராகு காலமும் எமகண்டமும் கட்டம் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை எங்கே இருந்தும் செய்யலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் பீரோவின் லாக்கரில் இருந்தன. அறை பார்க்கப் போகிற சாமான், வேலை முடியும்வரை வீட்டுக் காகிதங்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வது வழக்கம். அறை பிடித்தால் கதவு தானாகத் திறக்கும். பிடிக்காவிட்டால் சாவி போட்டாலும் திறக்காது.

நாகூர் கனி தன் குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்தார். அறை பார்க்கப் போகும் சாமானைப் படுக்கவைப்பது மரியாதை இல்லை என்பதால் பீரோவை நிற்க வைத்தே ஏற்றினோம். கயிறு கட்டுவதற்கு முன் அவர், "கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பொறுத்துக்குங்க," என்று பீரோவிடம் சொன்னார். திலகவதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் அரியமங்கலத்தில் ஒரு இடம் பார்த்தோம். தகரக் கூரை, பத்துக்குப் பத்து அறை, மூலைக்கு மூலை கேமரா. அங்கிருந்த மேலாளர் பீரோவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, ஈரம் கிடையாது, கரையான் கிடையாது, மாதம் ஒரு முறை மருந்து அடிப்போம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பீரோவை அறைக்குள் இறக்கிவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கதவு மூடியே இருந்தது.

"பரவால்ல சார்," என்றார் மேலாளர். "நேத்து ஒரு டைனிங் டேபிள் வந்துச்சு. ஆறு ரூமையும் சுத்திப் பார்த்துட்டு, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னு போயிருக்கு."

வெள்ளிக்கிழமை திண்டுக்கல் ரோட்டில் ஒரு இடம். அறை நன்றாக இருந்தது. தரை உயரமாக இருந்ததால் மழைத்தண்ணீர் வராது. ஆனால் பக்கத்து அறையில் பாகம் பிரிக்காத ஒரு குடும்பத்தின் சாமான்கள் இருந்தன. அண்டாவும் ஊஞ்சல் பலகையும் யார் பங்குக்கு யார் போவது என்று காலையிலிருந்து வாக்குவாதத்தில் இருந்தன. சுவர் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நாகூர் கனி, "இதுங்க பக்கத்துல ரெண்டு வருஷம் நிக்கணும்னா பீரோவுக்குத் துரு பிடிச்சிரும்க்கா," என்றார். பீரோ திறக்கவில்லை. திலகவதி லாக்கர் இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். பிறகு, "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு," என்றாள்.

சனிக்கிழமை காலை சமயபுரம் பக்கம் போனோம். அது முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. இப்போது அங்கே கல்யாணம் நடப்பதில்லை என்பதால் அதன் சொந்தக்காரர் அமலோற்பவம் அம்மா அறைகளைச் சாமான்களுக்கு விடுகிறார். அறுபது வயது இருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தார். பீரோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணமகன் அறையைத் திறந்துவிட்டார். வெள்ளை அடித்த சுவர், காய்ந்த தரை, வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னல். பக்கத்து மணமகள் அறையில் ஒரு பள்ளி ஆசிரியரின் புத்தக அலமாரிகள் மட்டும் இருந்தன. அவை தங்களுக்குள் மெதுவாகத்தான் பேசின.

பீரோவை உள்ளே நிறுத்தினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

அமலோற்பவம் அம்மா பீரோவின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். "அவங்களுக்கு அறை பிடிச்சிருக்கு," என்றார். "ஆனா யாரோ ஏதோ சொல்லி அனுப்பியிருக்காங்க. அதைத் தட்ட முடியாம நிக்கிறாங்க."

திலகவதி வந்து மண்டபப் படியில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டிக் கண்ணாடில பார்த்தேன்," என்றாள். "மூணு நாளா வண்டி கிளம்பினதும் உங்க வாய் அசையுது. பீரோகிட்ட என்ன சொல்றீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"அவசரம் இல்ல, நிதானமாப் பாருன்னு சொன்னேன்."

"எவ்வளவு நிதானமா?"

"திங்கக்கிழமை வரைக்கும்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். செருப்பில் ஒட்டியிருந்த வேப்பம்பழத்தைப் படியில் தேய்த்து எடுத்தாள்.

"வர இஷ்டமில்லையா?"

"இஷ்டமில்லாம இல்ல. நீ காலைல கிளம்பிப் போயிடுவ. எனக்கு அங்க யாரைத் தெரியும்? ராகு காலம் அங்க எத்தனை மணிக்கு வரும்னுகூடத் தெரியாது."

"மூணு வருஷம் நான் அப்ளிகேஷன் போடறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன் முகத்தைப் பார்த்தா சொல்ல வரல. பீரோகிட்ட சொல்றது சுலபமா இருந்துது."

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி. நான் மட்டும் போறேன். நீங்க பீரோவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இருங்க. ஆனா கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்க. என் பாஸ்போர்ட் உள்ள இருக்கு."

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் எதையும் அப்படிச் சொல்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டுக்குத் திரும்பி, ஒரு டம்ளர் மட்டும் எடுத்துக் காப்பி கலப்பதை நினைத்துப் பார்த்தேன். திங்கள், செவ்வாய் என்று நினைத்துக்கொண்டே போனேன். புதன்கிழமைக்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. எழுந்து அறைக்குள் போய்ப் பீரோவின் எதிரே நின்றேன்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றேன்.

பீரோ அசையவில்லை.

"வெறுமனே வாபஸ்னா எப்படித் தம்பி?" என்றார் அமலோற்பவம் அம்மா. "மூணு நாள் அலைய விட்டிருக்கீங்க. காரணம் சொல்ல வேண்டாமா?"

திலகவதி வாசலில் நிற்பது பீரோவின் கண்ணாடியில் தெரிந்தது. நான் பீரோவைப் பார்த்தே பேசினேன்.

"அவ இல்லாத வீட்ல நீயும் நானும் இருந்தோம்னா, முதல் ரெண்டு நாள் அவளைப் பத்திப் பேசுவோம். அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது. எனக்குப் போகப் பயமா இருக்கு. இங்க இருக்க அதைவிடப் பயமா இருக்கு."

கதவு திறந்தது. அந்துருண்டை வாசனை வந்தது. திலகவதி என்னைத் தாண்டிப் போய் லாக்கரிலிருந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்தாள். என்னுடையதை என் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

இருட்டுவதற்குள் நாகூர் கனி நான்கு நடை அடித்து மற்ற சாமான்களையும் கொண்டுவந்து சேர்த்தார். கட்டில், கிரைண்டர், பாத்திர மூட்டைகள், என் காலண்டர் கட்டுகள் எல்லாம் பீரோ காட்டிய இடத்தில் போய் அமர்ந்தன. ஜன்னல் பக்கத்தைப் பீரோ தனக்கு வைத்துக்கொண்டது. அறை நிறைந்ததும் அமலோற்பவம் அம்மா வாடகைச் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு," என்றார். "இந்த அறைல ஒரு எதிரொலி இருந்துது. காலியா இருக்கறவரைக்கும் சரி. இப்ப சாமான் வந்தாச்சு, அதுக்கு நிக்க இடமில்ல. யார் அறையை எடுக்கறாங்களோ அவங்கதான் கூட்டிட்டுப் போகணும். ஒரு தொந்தரவும் பண்ணாது."

திலகவதி அங்கிருந்தபடியே தன் தோள்பையின் ஜிப்பைத் திறந்து, "வா," என்றாள்.

"வா," என்று சொல்லிக்கொண்டு அது பைக்குள் வந்தது.

மறுநாள் விமானத்தில் அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் இருந்த சீட் காலியாக இருந்ததால் பையை அதில் வைத்தோம். விமானம் மேலே ஏறிய சிறிது நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் என் பக்கம் குனிந்து, சைவமா, அசைவமா என்று கேட்டார்.

"சைவம்," என்றேன்.

"சைவம்," என்றது பை.

அவர் எனக்கு ஒரு தட்டு கொடுத்தார். பிறகு நடு சீட்டின் பலகையை இறக்கி அதில் ஒன்று வைத்தார். அதன் ஸ்பூனை உறையிலிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.