இளவரசர் படுத்த கட்டில்

"இந்தக் கட்டில்லதான் இளவரசர் மூணு நாள் படுத்திருந்தார்" என்று டைப்பிஸ்ட் அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது.

வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். தரை கீறாமலிருக்க எல்லோர் செருப்புக்கு மேலும் அம்மா தைத்த துணி உறை. கட்டிலைச் சுற்றிக் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள் ஒரு பெண்.

"குழாய்ம்மா. நூறு வருஷக் குழாய். தண்ணி ஏறினா இப்படித்தான்."

குழாய் இல்லை, கணவர். மடக்குக் கட்டிலின் இரும்புக் காலைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதை உத்தியோக முறையிலேயே தெரிந்துவைத்திருந்த மனிதர். இன்றைக்கு ஊரே அவர் வீட்டை எட்டிப் பார்க்கிறது.

வருஷத்தில் ஒரு விடுமுறை நாள், தெருவிலுள்ள ஏழு பழைய வீடுகளையும் பார்வைக்குத் திறந்துவிடுவார்கள். சிறந்த வீட்டுக்குத் தெருச் சங்கம் ஒரு கேடயம் தரும். ஐந்து வருஷமாக அது இவர்களுடைய நாலாம் எண் வீட்டைவிட்டு நகரவில்லை. வேறெதற்குத் தருவார்கள்? கூரை ஒழுகுகிறது. குளியலறைக் கதவு உதைத்தால்தான் மூடும். எல்லாம் கட்டில் வாங்கிக்கொடுத்த பெயர்.

அந்த இளவரசர் மீட்டர்காரரின் சொந்தத் தயாரிப்பு. கட்டில் ஏலத்தில் எடுத்தது. முதல் வருஷம் யாரோ, "ஏன் சார் இவ்ளோ குட்டையா இருக்கு?" என்று கேட்க, மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இளவரசர் குள்ளம்" என்றார். அடுத்த வருஷம் சங்கத்தின் கையேட்டில் அது அச்சேறிவிட்டது. அப்புறம் யார் இல்லையென்பது?

அவர் செய்தது அது. அம்மா செய்தது அவருக்கே தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன், அவர் வெளியூர் போயிருந்த வாரத்தில், பூச்சி அரித்த பஞ்சு மெத்தையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பதிலுக்குக் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கினாள். ஃபேன் வந்த பெட்டி, பிஸ்கட் பெட்டி, செருப்புப் பெட்டி. மேலே பூவேலை விரிப்பை இழுத்துச் செருகினால், பார்ப்பதற்கு மெத்தைதான். கயிற்றைத் தாண்டி யார் போய் உட்காரப் போகிறார்கள்? அவரும் கூடம், பின்னறை, மடக்குக் கட்டில் என்று இருந்துவிட்டார்.

நேற்று டாக்டர் வந்தார். வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கோ நாளைக்கோம்மா" என்றார். அவர் தலை மறைந்ததும் சங்கச் செயலாளர் வந்தார். அவரும் டாக்டர்தான், பல் டாக்டர்.

"அக்கா, இந்த வருஷம் நாலாம் நம்பர மூடிடலாமா? போர்டு மாட்டிடறேன்."

"எதுக்கு? அவருக்குச் சளி. ரெண்டு நாள்ல எழுந்துடுவார்."

பல் டாக்டர் பொய்ப்பல் பார்த்துப் பழகியவர். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுப் பின்னறைக்குப் போனபோது, அவர் விழித்திருந்தார்.

"என்னைக் கொஞ்சம் முன்ரூமுக்குக் கொண்டு போயேன்."

"எதுக்குங்க?"

"அந்தக் கட்டில்ல படுக்கணும். ஜன்னல் இருக்கு. தெருவப் பாக்கலாம். இங்க சுவரப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு."

"இன்னைக்கா? கூட்டம் வருதுங்க."

"வரட்டுமே. இளவரசர் இன்னும் போகலன்னு சொல்லிடு."

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. அவள் முதுகைத் தடவினாள். எல்லாம் அட்டைப் பெட்டிங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு விநாடி ஆகியிருக்கும். கேட்டால் அதற்கும் சிரித்திருப்பார்.

"ஆறு மணிக்குங்க. எல்லாரும் போனதும் மொதல் வேலை அதுதான்."

"ஆறு மணிக்கா?"

"சத்தியமா."

"நடுவுல தட்டினா வருவியா?"

"வராம?"

மூன்று முறை வந்தாள். முதல் முறை தண்ணீர். இரண்டாவது முறை தலையணை. மூன்றாவது முறை, "மணி என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். மணி பன்னிரண்டரை. அதன் பிறகு ஒரு கூட்டம் போவதற்குள் அடுத்தது வந்தது. அவர் குழாயாகிவிட்டார்.

இப்போது இந்தப் பன்னிரண்டு பேர். அம்மா ஜன்னல் கண்ணாடியைப் பற்றிச் சொன்னாள், கட்டில் காலின் சிங்கமுகத்தைப் பற்றிச் சொன்னாள். விரிப்பில் எத்தனை பூ என்பதுவரை வந்துவிட்டாள். மூலையில் நின்ற பெரியவர் காதைச் சாய்த்தார்.

"குழாய் நின்னுடுச்சு போலிருக்கே."

அம்மா பேச்சை நிறுத்தினாள். "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனாள்.

கரண்டி தரையில் கிடந்தது. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். கையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். பிறகு குனிந்து கரண்டியை எடுத்து, முந்தானையால் துடைத்து, தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் வைத்தாள்.

முன்னறையில் பொறுமை குறைந்துகொண்டிருந்தது. "இன்னும் மூணு வீடு பாக்கணும்" என்றது ஒரு குரல். அவள் போய்க் கயிற்றருகே பழைய இடத்திலேயே நின்றாள்.

முதலில் கேட்ட பெண்ணே மறுபடியும் கேட்டாள். "மூணு நாள் இருந்தார்னீங்களே, அப்புறம் அந்த இளவரசர் என்னம்மா ஆனார்?"

இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. மீட்டர்காரர் பதில் தயாரித்துவைக்கவுமில்லை.

"செத்துட்டார்."

"ஐயோ! இந்தக் கட்டில்லயேவா?"

"இல்ல. பின்ரூம்ல."

"இது கையேட்டுல இல்லையே!" என்று பெரியவர் பேனாவைத் தேடினார்.

"போயிட்டு வாங்க. உறையைக் கூடையில போட்டுடுங்க."

அவர்கள் போனதும் வாசலுக்கு வந்து, எதிர் வீட்டில் கையேடு விநியோகித்துக்கொண்டிருந்த பல் டாக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் உள்ளே வந்தார், பின்னறையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பக்கா?"

"கட்டில்ல படுக்க வைக்கணும். ஒரு கை பிடிங்க."

"அந்தக் கட்டில்லயா? விரிப்பு..."

அவள் விரிப்பை உருவினாள். பல் டாக்டர் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஐந்து வருஷக் கேடயமும் அவர் கையால் கொடுத்தது. குனிந்து ஃபேன் பெட்டியைத் தூக்கினார். இருவருமாக ஒவ்வொன்றாக வாசலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். நான்கு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நாளைக்கு இந்தப் பெட்டிகளை எண்ணாத வாய் இருக்காது. அவள் செருப்புப் பெட்டியை பிஸ்கட் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மடக்குக் கட்டிலில் அவருக்கடியிலிருந்த மெல்லிய மெத்தையை உருவிக்கொண்டுவந்து கட்டில் பலகையில் போட்டார்கள். ஆளைத் தூக்கினார்கள். கனமே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை.

கட்டில் குட்டை. அவர் கால் இரண்டும் கால்மாட்டுக் கம்பிகளுக்கிடையே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரிப்பைக் கீழே இழுத்தால் நெஞ்சு தெரிந்தது, மேலே இழுத்தால் பாதம் தெரிந்தது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"வேற போர்வை இருக்காக்கா?" என்றார் பல் டாக்டர்.

அவள் வாசல் கூடைக்குப் போனாள். குனிந்து கிளறி, அளவு பார்த்து, அழுக்குப் படாத ஒரு ஜோடி உறையைத் தேடி எடுத்துவந்தாள். ஒவ்வொரு காலாக மாட்டி, நாடாவை முடிச்சுப் போட்டாள்.