நாற்பத்தொன்றாம் நம்பர் மரம்

சிதம்பரத்துக்கே பழைய பேரைக் கொடுத்த மரத்துக்கு நான் போட்ட விலை எண்ணூறு ரூபாய். அதுவும் விறகுக்கு.

மேல்பட்டாம்பாக்கத்தில் எனக்கு மரவாடி. நிற்கிற மரத்தைப் பார்த்தே எத்தனை கன அடி தேறும் என்று சொல்லிவிடுவேன். சம்பந்தி வீட்டாரையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று வீட்டில் புகார். சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் மரத்தோட்டத்தில், புயலில் விழுந்த மரங்களை ஏலம் விட்டார்கள். லிஸ்டில் நாற்பத்தொன்றை ஃபோனிலேயே கேட்டு எடுத்தேன். மறுநாள் மரம்வெட்டி பக்கிரியோடு போனேன்.

உள்ளே நுழைந்தால், நிற்கிற மரத்திலெல்லாம் தகட்டில் நம்பர் தொங்குகிறது. எங்கள் தொழிலில் மரத்துக்கு நம்பர் போட்டால் அதன் கதை முடிந்தது. ரோடு அகலப்படுத்தும்போது பார்த்திருப்பீர்கள்.

"தோட்டத்தையே தள்ளிவிடுறானுங்க போல பக்கிரி!" நாக்கில் எச்சில் ஊறியது.

நாற்பத்தொன்று கோணலாக நின்றது.

"விழுந்ததுன்னீங்க, நிக்கிதே மொதலாளி?"

"நின்னா ஒனக்குக் குனியுற வேல மிச்சம். போடு."

ஒரே போடு. பட்டை பிளந்து பால் கொட்டியது. வெள்ளை வெளேரென்று, நிற்காமல். ஆயிரம் மரம் அறுத்தவன் நான், இப்படிப் பார்த்ததில்லை. பக்கிரி வியர்வை துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனார்.

"கண்ண தொடாதீங்க! குருடாக்கிடும்!"

ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தவர் தோட்டப் பொறுப்பாளர் ஜெயராணி. குழாயடிக்கு இழுத்துப்போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம்தான் மரத்தைப் பார்த்தார்.

"நம்பர் போட்டிருந்துச்சேம்மா?" என்றேன்.

"அது சாவு நம்பர் இல்லண்ணே, பொறந்த நம்பர். இங்க வந்த வரிச. ஏல லிஸ்ட்டு வேற. ஒங்க நாப்பத்தொண்ணு, அந்தாண்ட விழுந்து கெடக்குற தூங்குமூஞ்சி. இது தில்லை. மூணு கன்னு பட்டுப்போயி நாலாவதா நின்னது. தோட்டத்துல இது ஒண்ணுதான். பொழைக்குமான்னு தெரியல."

தில்லை. கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஐம்பது வருஷமாகப் படித்த சொல். அந்தச் சொல்லுக்கு இலை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணாந்தேன். பச்சைக்கு நடுவே செக்கச்செவேலென்று முதிர்ந்த இலைகள். ஒரு காலத்தில் காடாக நின்று ஊருக்கே பேரானது, இங்கே ஒற்றையாக நிற்கிறது. செருப்பைக் கழற்றியிருந்தேன், எப்போது என்று தெரியவில்லை.

"எவ்வளவு ஆனாலும்..."

"வெல பேசாதீங்கண்ணே. எழுதுங்க." பதிவேட்டை நீட்டினார்.

மரத்துக்கு ஒரு முழுப்பக்கம். நட்டு வருஷம் பதினாறு. தாங்கிய புயல் ஐந்து. வெள்ளம் மூன்று. அதன்கீழ் என் கையெழுத்தில்: கோடாலி வெட்டு ஒன்று. வெட்டச் சொன்னவர், நான்.

எதிரே 'ஆறிய தேதி' என்ற கட்டம் இன்றுவரை காலி.