ஆட்டத்துக்கு முன்னால் படம் கிடையாது

எங்கள் ஊர் கால்பந்து அணியின் பயிற்சியாளர் லியாவோனைப் போல ஒரு கல்லுளிமங்கனை நான் பார்த்ததில்லை. அணியின் சட்டை, காலுறைகளைத் துவைப்பவள் நான். தினமும் அவரோடு மல்லுக்கட்டுகிறவள். ஒரு காலத்தில் மின்ஸ்கில் பெரிய அணிக்கு ஆடியவர். ஒருமுறை ஆட்டத்துக்கு முன்னால் பத்திரிகைக்காரன் கெஞ்சினான் என்று படத்துக்கு நின்றார். அன்றைக்கே முழங்கால் போயிற்று, ஆடுகிற பிழைப்பும் போயிற்று. ஆட்டத்துக்கு முன்னால் படம் எடுத்தால் விளங்காது என்று பெலாரஸில் பந்து உதைக்கிற எல்லோரும்தான் சொல்வார்கள். இவர் அதை வேதவாக்காகவே பிடித்துக்கொண்டார்.

மனைவி கைக்குழந்தையோடு போலந்துக்குப் போய்விட்டாள். அப்புறம் மைதானத்துக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு டீ கெட்டில், இந்தப் பையன்கள். அவ்வளவுதான் மனுஷனுக்கு.

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு, இவர் வீட்டுக்கு. அன்று காலை பார்த்து பவ்லினா வந்து நின்றாள். அந்தக் கைக்குழந்தைதான், வளர்ந்த பெண்ணாக. ஆட்டம் முடிவதற்குள் அவளுடைய வார்சா பஸ் கிளம்பிவிடும்.

"அப்பா, ஒரே ஒரு போட்டோப்பா. நாம சேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

"ஆட்டம் முடியட்டும்மா."

"அப்ப நான் பஸ்ல இருப்பேன்."

"முன்னாடி கூடாதும்மா. பசங்க பொழப்பு இருக்கு இதுல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னய்யா மனுஷன் நீ? பெத்த பொண்ணு எல்லை தாண்டி வந்திருக்கா. ஒரு போட்டோவுக்கு கோல் கம்பம் சாஞ்சிடுமா?"

"யாத்ஸ்யா, உன் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மைதானத்துக் கோட்டோரம் போய் நின்றுகொண்டார். அவள் பரவாயில்லை என்று சிரித்தாள். கேலரியில் பக்கத்தில் உட்கார வைத்து உருளைக்கிழங்கு அடை கொடுத்தேன். பாதிதான் தின்றாள். இடைவேளை முடிந்ததும் என் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு ஜெயித்தோம். பையன்கள் அவரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கீழே இறக்கியதும் அவர் கேலரியைத்தான் தேடினார். பையன்கள் குளிக்க ஓடினார்கள், அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்.

என் போனில் ஒரு படம் வந்தது. 'அப்பாகிட்ட காட்டுங்க அத்தை' என்று எழுதியிருந்தாள். காட்டினேன். ஓரத்தில் அவள் முகம். தூரத்தில், கோட்டோரம், அவருடைய முதுகு.

"எப்ப எடுத்தா?"

"ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. பக்கத்துலதான் இருந்தேன், வாயத் தொறக்கல."

"முன்னாடியேவா?"

"ஆமா."

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டமே யாத்ஸ்யா," என்றார். "அப்ப நான் இந்தப் பக்கம் திரும்பியே நின்னிருக்கலாமே."