அமாவாசையில் போட்ட புட்டா

ஆரணியில் ரேணுகாதேவி நெய்த அரக்குப் பட்டுச் சேலையின் முந்தானையில், மூன்றாம் வரிசை ஜரிகைப் புட்டா ஒன்றைப் பதினோரு நாளைக்கு ஒருமுறை ஒரு கிரகம் கடந்துபோகிறது. கடந்து முடிக்க இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும். அதுவரை புட்டா மங்கியிருக்கும். பிறகு பழையபடி மின்னும்.

முதலில் இது கிரகம் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணச் சேலை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று, ஊரில் யாரும் தறியில் உட்காராத அமாவாசையன்று உட்கார்ந்து அந்த ஒரு புட்டாவைப் போட்டுவிட்டாள். அது மங்கியதும் தெரு சும்மா இருக்குமா? "அமாவாசையில நெய்ஞ்சா வேற எப்படி இருக்கும்?" என்றது. முதலாளி குமரேசன் ஜரிகைப் பழுது என்று சேலையைத் திருப்பிக் கொடுத்து, இனி நெய்யப் பாவு நூல் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பாவு ஏறாத தறி வெறும் மரம். பதினெட்டு வருடம் ஓர் இழை தப்பாமல் நெய்தவள், திரும்பி வந்த சேலையைத் தறிமேலேயே விரித்துப் போட்டாள்.

பக்கத்து வீட்டு அறிவியல் டீச்சர் பிரிஸில்லா மட்டும் புட்டா மங்கிய தேதிகளைக் காலண்டரில் குறித்துவந்தாள். விண்வெளித் தொலைநோக்கிகள், நட்சத்திர வெளிச்சம் குறைவதை வைத்துத்தான் அதன் முன்னால் போகும் கிரகத்தைப் பிடிக்கின்றன. அவள் ஒரு தொலைநோக்கியின் பட்டியலைத் துழாவியதில், இதே கணக்கில் மங்கும் நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது.

"இது பழுது இல்லக்கா. கிரகம் குறுக்க போய்கினு இருக்குது. வர்ற செவ்வாக்கெழமை காலையில பத்து நாப்பதுக்கு மறுபடியும் வரும். உங்க முதலாளியக் கூப்டுங்க" என்றாள்.

குமரேசன் வந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. கிரகம் வராவிட்டால் தறியைப் பிரிக்க வேண்டியதுதான் என்று ரேணுகாதேவி தறிக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து நாற்பதுக்குப் புட்டா மங்கியது. ஒரு மணிக்கு மின்னியது. "அடேங்கப்பா! செய்யார் கம்பெனிக்கு ஆள் ஏத்திப் போற பஸ்கூட இப்படி டயத்துக்கு வராதும்மா" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சாயங்காலமே பாவு வந்து இறங்கியது.

அப்புறம் அந்தத் தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்த மாதங்களில், பிரிஸில்லா சேலையைப் பார்த்து நேரம் எழுதி அனுப்பினாள். விஞ்ஞானிகள் நன்றி எழுதினார்கள். எதில் பார்த்தாய் என்று கேட்கவில்லை.

வாடிக்கைக்காரர்கள் கிரகம் போட்ட சேலை வேண்டும் என்று குமரேசனை நச்சரித்தார்கள். இன்னொரு அமாவாசைக்குத் தறியில் உட்காரச் சொல்லி அவர் கெஞ்சினார்.

"ஐய! அந்தப் புட்டாவே பதினோரு நாளைக்கு ஒருவாட்டி லீவு எடுக்குதுங்க. மாசத்துல ஒரு நாள் எனக்கு வேணாமா?" என்றாள் ரேணுகாதேவி.

இப்போதெல்லாம் புட்டா மங்கும்போது அந்தத் தெருவில் எல்லாத் தறியும் நிற்கிறது. கிரகம் போய்ச் சேரும்வரை டீ குடிக்கிறார்கள்.