பதினொரு மாப்பிள்ளைகள்

"எறும்பை எண்ணறதுக்கா ஏரோப்பிளேன் ஏறிப் போற? நம்ம சர்க்கரை டப்பா பக்கத்துலயே வரிசையா நிக்குதே, எண்ணிக்கோயேன்" என்று பெரியப்பா கேட்டபோது வீடே சிரித்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அவளும் சிரித்து வைத்தாள்.

உண்மையில் எண்ணத்தான் வந்தாள். கோடையில் பத்து வாரம், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில். தட்டையான ஒரு பெட்டி, அதற்குக் கண்ணாடி மூடி, அதன்மேல் சிவப்புத் தாள். எறும்புக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டென்று நம்பி அதது தன் வேலையைப் பார்க்கும். உள்ளே இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் ஐஸ்மேல் ஒரு நிமிடம் கிடத்தி, அசந்திருக்கும்போது மெல்லிய கம்பி நுனியால் முதுகில் மூன்று வண்ணப் பொட்டு வைத்தவள் அவள்தான். மூச்சு விட்டால் பொட்டு கலைந்துவிடும். ஒன்பது நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

பிறகு மணிக்கொரு தரம் எது என்ன செய்கிறதென்று குறித்தாள். பதினொன்று எதுவுமே செய்யவில்லை. குப்பை அள்ளவில்லை, முட்டை தூக்கவில்லை. மூலையில் நிற்கும்; எவளாவது இரை கொண்டுவந்தால் வாயைத் திறக்கும். கூட்டில் இருப்பவை எல்லாம் பெண்கள்தான். ஆனாலும் இந்தப் பதினொன்றுக்கும் அவள் வைத்த பெயர் மாப்பிள்ளைகள்.

அவளுக்கு வேலை சொன்னவர் சீனியர். ஐந்து வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்கிறவர், தமிழர். வந்த அன்றே, "அண்ணான்னு கூப்பிடும்மா" என்றார். கூப்பிட்டாள். உழைக்கிற எறும்புகளில் பாதியை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் ஒன்றுவிடாமல் எழுந்து வேலை செய்யும் என்பது அவர் கட்சி. எடுத்தார்கள். மற்றதெல்லாம் ஓடியாடி உழைத்தன. மாப்பிள்ளைகள் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை.

கடைசி வாரம், கட்டுரையைப் பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அட்டவணையில் பதினொரு வரிகளுக்கு நேராக 'இறந்தது' என்றிருந்தது. மேலே, 'கவனித்துக் குறித்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

"அண்ணா, இதுங்க சாகலையே. இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

"செத்துடுச்சுன்னு வச்சுக்கோம்மா. எறும்புதானே, யாரு வந்து எழவு விசாரிக்கப் போறா?"

"என் பேருல போட்டிருக்கீங்களே."

"பேரு வந்துச்சேன்னு சந்தோஷப்படு. உன் சிபாரிசுக் கடிதத்தை நான்தான் எழுதி வச்சிருக்கேன். புரொபசர் மேடம் கையெழுத்து போட்டா போதும். அது இல்லாம நீ திரும்ப இங்க படிக்க வர முடியாது, தெரியும்ல?"

தெரியும். அந்தக் கடிதத்துக்காகத்தான் கழுத்து பிடிக்க உட்கார்ந்திருந்தாள். அம்மா போனில், "காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிக்கணும்டி. எறும்புக்காகவா சண்டை போடுவ?" என்றாள். அவள் போனை வைத்தாள். உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. பொய் சொல்கிறவன் தன் வாயால் சொல்லித் தொலைய வேண்டியதுதானே. என் வாய் எதற்கு அவனுக்கு?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். சீனியர் திரையில் படம் காட்டி முடித்தார். பேராசிரியர் தலையாட்டிவிட்டுக் கடிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். அவள் துண்டால் மூடிக் கொண்டுவந்திருந்த பெட்டியை மேசைமேல் வைத்தாள். சத்தமாகவே வைத்தாள்.

"செத்ததா எழுதியிருக்கிற பதினொண்ணும் இதுல இருக்கு, மேடம். பாருங்க."

"என்னம்மா இது, சின்னப்பிள்ளை மாதிரி..." என்று சீனியர், பேராசிரியருக்குப் புரியாத தமிழில், பல்லைக் கடித்தார்.

"நீங்க சும்மா இருங்க." அண்ணா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

பேராசிரியர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் நீட்டிய லென்ஸை வாங்கிக் குனிந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மஞ்சள், நீலம், நீலம். வெள்ளை, பச்சை, மஞ்சள். பதினொன்றையும் பார்த்துவிட்டுப் பேராசிரியர் நிமிர்ந்தார்.

"இருக்கு, சரி. ஆனா கட்டுரை திங்கட்கிழமை போகணும். 'கணக்கில் சேர்க்கவில்லை'ன்னு மாத்திக்கலாம். உனக்கும் நல்லது."

சீனியர் கடிதத்தை இரண்டு விரலால் மெல்லப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார். முகத்தில் லேசான சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான். அவள் மேசைமேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்தாள். அட்டவணையை இழுத்து முதல் 'இறந்தது' என்பதை அடித்தாள். பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறது, வேலை செய்யவில்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் தாள் கிழிந்தது. அதன்மேலேயே எழுதினாள். பதினொன்றையும் முடித்தாள்.

"இப்ப இது என் பேருல போகலாம், மேடம்" என்று பேனாவை நீட்டினாள்.

பேராசிரியர் வாங்கிக்கொண்டார். கிழிந்த தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போடாத கடிதத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, கடிதத்தை மேசையிலேயே விட்டு வெளியே போனார்.