ஊருக்குத் தெரிந்த பதில்

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பெரியகருப்பனின் வினாடி வினாவில் சரியான பதில் சொன்னால், பதில் நேரில் வந்துவிடும். ஞாயிறுதோறும் கடையின் பின்கூடத்தில் நடக்கும். கேள்விகள் ஐம்பதுகளைப் பற்றி மட்டும். பூமியைச் சுற்றிய முதல் நாய் எது என்று கேட்டபோது லைக்கா வந்து, பக்கத்துக் கடை முத்தரசு கையிலிருந்த சீயப் பலகாரத்தைத் தின்றது. 1953இல் மனிதன் முதலில் ஏறிய சிகரம் எது என்று கேட்பதில்லை என, கூரையைக் கருதி முடிவானது. வந்தது எதுவானாலும் பெரியகருப்பன் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை இருக்கும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த பதில் பலிக்காது. ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். பொது அறிவு என்றால் அதுதானே என்றார் பெரியகருப்பன்.

வங்கி வேலையில் ஓய்வுபெற்ற விசாலம் 1959இல் கொத்தமங்கலத்தில் பிறந்தவர். பிறந்த வாரமே தாய் இறந்துபோனார். புகைப்படம் இல்லை. அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர விசாலத்துக்கு ஆசை எதுவும் மிச்சமில்லை. அப்பச்சி என்று அவர் அழைத்த தந்தை சொன்னது ஒன்றுதான்: 1957இல் வீட்டு ரேடியோ ஊமையானபோது, மதுரையிலிருந்து ஆள் வருவதற்குள் உங்க ஆத்தாவே அதைப் பிரித்துப் பூட்டிப் பாட வைத்துவிட்டாள். பெயரை அவர் சொன்னதில்லை. தாயின் சீர்ப் பாத்திரங்களில் சிட்டாள் என்று வெட்டியிருந்தது. விசாலம் அதை டவுன் பஸ்ஸில் சொன்னார், பிள்ளையார்பட்டி தரிசன வரிசையில் சொன்னார், கல்யாணப் பந்திகளில் சொன்னார். மூன்று வருடத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூட அதை ஒருவரையொருவர் கேட்டு மடக்கினார்கள்.

கொத்தமங்கலத்து ரேடியோவைச் சரிசெய்தது யார் என்று பெரியகருப்பன் கேட்டார். சிட்டாள் என்றது கூடம். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மாவுக் கையோடு வந்து நின்றார். ஆத்தா என்று விசாலம் எழுந்தார்.

"என்ன ஆச்சி, என்னைய விட மூத்தவுக என்னையப் போயி ஆத்தாங்குறீக?" என்றார் வந்தவர். "ரேடியோவத் தொட்டது எம் மருமக. எனக்கு அதுகிட்டப் போகவே பயம்."

"பாத்திரத்துல சிட்டாள்னுதான வெட்டியிருக்கு?" என்றார் முத்தரசு.

"அவளுக்கும் அதான் பேரு. அதுக்காக, மாமியா பேரச் சொல்லி மருமகள வேலை ஏவ முடியுமாய்யா? வீட்டுக்கும் ஊருக்கும் அவ தேனம்மை. சிட்டாள்னு கூப்பிட்டா நாந்தேன் வருவேன். அரைச்ச மாவு அப்படியே கெடக்கு, அனுப்பி விடுங்க."

பெரியகருப்பன் அடுத்த கேள்வியைக் கேட்டு அவரை அனுப்பிவைத்தார்.

ஊருக்குச் சொன்னதை ஊரிலிருந்து திரும்ப எடுப்பது சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. விசாலம் மறுபடி பஸ் ஏறினார். முழங்கால் வீங்கியது, குச்சி ஊன்றி ஏறினார். சிட்டாள் என்று சொன்னவர்களை வீடு தேடிப் போய்த் திருத்தினார். சலித்துக்கொண்டவர்களும் மறக்கவில்லை.

இந்தத் தை மாதம் பெரியகருப்பன் அதே கேள்வியைக் கேட்டார். தேனம்மை என்றது கூடம். இருபது வயதுப் பெண் திருப்புளியோடு வந்தார். விசாலத்தின் மூக்கு அவர் முகத்தில் இருந்தது. விசாலம் எழுந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சி, இப்படிப் பாக்குறீக? ரேடியோ எங்குட்டு இருக்கு?"

முத்தரசு கடைப்பக்கம் கை காட்டினார். அங்கே ஊமை ரேடியோக்கள் வரிசையாக இருந்தன. தேனம்மை தரையில் உட்கார்ந்து முதலாவதைத் திறந்தார். விசாலமும் குச்சியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பழக்கத்தில் பெரியகருப்பன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். முத்தரசு அதில் ஒரு சீயத்தை வைத்தார்.

அதற்குப் பிறகு அங்கே வினாடி வினா இல்லை. ரேடியோக்கள் ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கியிருக்கின்றன. ஞாயிறுகளில் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். தேனம்மை விசாலத்தை ஆச்சி என்றே கூப்பிடுகிறார். யார் யாருக்கு மகள் என்பது ஊருக்கே தெரியும். பெரியகருப்பன் கேள்வி என்று எதையும் கேட்பதில்லை. மதியம் கடைக்கு வருபவர்களிடம், "சாப்பிட்டிருப்பீக" என்கிறார்.