சிங்காரியின் கால்

ரெங்கம்மாவின் வீட்டுக்காரன் அழகையா ஒரு சிலந்தியை வளர்த்தான். ஆடு வளர்த்தால் பால் வரும், கோழி வளர்த்தால் முட்டை வரும். சிலந்தி வளர்த்தால் என்ன வரும்? பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அப்படி ஒரு கூத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் மூலையில் வலை பின்னுகிற சின்னச் சிலந்தி என்றால் பரவாயில்லை. இது கால்களை விரித்து நின்றால் ஆளின் உள்ளங்கையை மூடிவிடும். உடம்பெல்லாம் சாம்பல் மயிர், முன்கால்களின் அடியில் மஞ்சள் பட்டை. சிங்களத்தில் திவிமகுளுவா என்பார்கள். அது கடித்தால் உயிர் போகாது, ஆனால் போனாலே தேவலை என்று தோன்றும் என்பது லயத்து வரிசை வீடுகளில் பேச்சு.

விறகுக் கட்டையின் பொந்தில் ஒளிந்துகொண்டு அது அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து சேர்ந்தது. ரெங்கம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். அழகையா தடுத்துவிட்டான். பண்டாரவளையில் பலீல் நானா கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த கண்ணாடி டொபி மிட்டாய்ப் போத்தலுக்குள் அதை விட்டு, தகர மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு மரப்பட்டையும் வைத்து, சிங்காரி என்று பெயர் சூட்டினான். கட்டின பெண்டாட்டிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு செல்லப் பெயர் வைக்கத் தெரியாத மனுஷன் அவன். அதை நினைத்தால் ரெங்கம்மாவுக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அவனையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது பாறை வழுக்கி விழுந்தவன். இடுப்பெலும்பு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, தடியோடு திரும்பி வந்தான். வாசல் வரைக்கும் நடப்பான். அதற்கு மேல் முடியாது. ஒரே மகளைக் கொஸ்லந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. ரெங்கம்மா விடியலில் கொழுந்து கிள்ளப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை அவனும் நாலு சுவரும்தான். பேச ஒரு சிலந்தி கிடைத்தது, பேசினான். "பசிக்குதாம்மா? குளிருதாம்மா? ராத்திரி எல்லாம் தூங்கலையா?" என்று போத்தலோடு முகத்தை வைத்துக்கொண்டு கேட்டபடியே இருப்பான்.

ரெங்கம்மாவிடம் மட்டும் கேட்கமாட்டான். விழுந்து எழுந்து வந்த நாளிலிருந்து, "களைச்சுப் போயிட்டியா?" என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை. மழையில் ஊறி வந்தாலும் கேட்பதில்லை, அட்டை கடித்து முழங்காலிலிருந்து ரத்தம் வழிய வந்தாலும் கேட்பதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் என்ன, சேலையா கேட்டாள், நகையா கேட்டாள்? ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் அவள் முகத்தைப் பார்த்து விசாரித்தால் போதும் என்று கிடந்தாள். அதுகூடக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அது எழுபத்து நாலாம் வருஷம். தோட்டத்துப் பக்கம் மாவுக்குப் பஞ்சம். சங்கக்கடைக்கு மாவு வந்தால் கால் கடுக்க நிற்க வேண்டும், வராவிட்டால் மரவள்ளிக் கிழங்கு. கிழங்கும் இல்லாத நாளில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும். வேலைக்குப் போனால்தான் சம்பளப் புத்தகத்தில் பேர் விழும், பேர் விழுந்தால்தான் எதுவும். இந்த லட்சணத்தில் ரெங்கம்மாவின் வலது பெருவிரலில் நகச்சுற்று வந்திருந்தது. கொழுந்து கிள்ளுகிறவளுக்குப் பெருவிரல் போனால் கையே போன மாதிரிதான். விரல் வீங்கிப் பளபளவென்று நின்றது. அவள் அதோடுதான் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கூடையை இறக்கினாள். இறக்கி நிமிரவில்லை, அதற்குள் அழகையா ஆரம்பித்துவிட்டான்.

"சிங்காரிக்கு ஒரு கரப்பான் புடிச்சு வச்சிருக்கேன். போத்தல் கீழ இருக்கு, எனக்குக் குனிய முடியல. போட்டு விடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். விரல் விண்விண்ணென்று தெறித்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று மூடியைப் பட்டென்று வைத்துத் திருகினாள். போத்தலின் விளிம்பில் ஒரு கால் நீட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை. மூடி இறுகாமல் சிக்கவே திரும்பத் திறந்தபோது அந்தக் கால் பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. காயத்திலிருந்து தண்ணீர் மாதிரி, கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல, ஏதோ கசிந்தது.

"கொன்னுட்டியே!" என்று கத்தினான் அழகையா. "வேணும்னுதான் செஞ்ச. உனக்கு அதைக் கண்டாலே ஆகாது."

சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும். ரெங்கம்மாவிடம் அது இல்லை. கை தன் பழக்கத்தில் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையைத் திறந்தது. மலையில் அட்டை கடித்தால் பெண்கள் வேறு மருந்தா தேடுகிறார்கள்? கடிவாயில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். ரத்தமும் நின்றுவிடும். அவளும் ஓர் ஈர்க்கின் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு, போத்தலுக்குள் விட்டு, அந்தக் காயத்தில் வைத்தாள்.

அவ்வளவுதான். சிங்காரி முன்கால்களைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஈர்க்கைக் கவ்வியது. பிறகு போத்தலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. சுண்ணாம்பு பக்கத்துக் காலிலும் அப்பிக்கொண்டது.

"அது என்ன அட்டைக்கடியா? வெந்து போயிருமே, பாவி!" அழகையாவின் குரல் உடைந்துவிட்டது. "போ, போயி டாக்டரய்யாவைக் கேட்டுட்டு வா. ஓடு!"

ஓடுவதாவது. ரெங்கம்மா கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் நல்லையா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான். ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரய்யா. கால் வீங்கிய பிள்ளைகளும் கண் குழிந்த தாய்மாரும் அன்று பகல் முழுக்க வந்து போயிருந்தார்கள். சோறு இல்லாத நோய்க்கு அவருடைய அலுமாரியில் என்ன மருந்து இருக்கப்போகிறது?

"யாருக்கு, ரெங்கம்மா?"

"சிங்காரிக்குங்கய்யா."

"அது யாரு? மக வந்திருக்காளா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லையா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டுக்கும் அவரிடம் பலம் மிச்சமில்லை போலிருந்தது.

"அந்தப் பூச்சிக்கு ரத்தம் எது, நரம்பு எதுன்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா ஒழுகுறதை நிப்பாட்டணும். மனுசனுக்கும் அதானே. சுண்ணாம்பை மொதல்ல பச்சத் தண்ணி விட்டுக் கழுவு. தொங்குற காலைப் புடிச்சு இழுத்துறாத. பல்லி வாலை விடுற மாதிரி அதுவே விட்டுரும். புண்ணுல கொஞ்சம் மாவை அப்பு. குடிக்கத் தண்ணி வை. அப்புறம் அதை சும்மா விடு."

"மாவுங்களா?"

"பவுடர் இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? மாவுதான்." சொல்லிக்கொண்டே அவள் முந்தானைக்குள் ஒளித்த கையைப் பார்த்துவிட்டார். "அது என்ன? காட்டு. நகச்சுத்து! ராத்திரியில தூங்கிறியா நீ?"

ரெங்கம்மா கையை நீட்டினாள். யாரோ ஒரு மனுஷர் கேட்கிறார், கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

"தூக்கம் எங்கேருந்துங்கய்யா."

"காலையில வா. கீறி விடுறேன்."

"கீறினா கொழுந்து எடுக்க முடியாதுங்களே."

"முடியாதுதான்," என்றார் நல்லையா. மறுபடி மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் மேடேறி வந்து சேர்ந்தபோது அழகையா வாசலில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படித்தான் குனிந்து எடுத்தானோ. முகம் செத்துப்போயிருந்தது. ரெங்கம்மா மாவு டின்னைத் திறந்தாள். ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு ரொட்டி தட்டலாம், அவ்வளவுதான் கிடந்தது. மனுஷருக்கே இல்லாத மாவை ஒரு சிலந்திக்கு எடுக்கிறோமே என்று மனசு வலித்தது. ஆனாலும் சிட்டிகை எடுத்துச் சிரட்டையில் போட்டாள். கோழியிறகு ஒன்றையும் தேடி எடுத்துக்கொண்டாள்.

வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் போத்தலைச் சாய்த்துப் பிடித்தான். அவள் துணித்துண்டை நனைத்துத் துளித்துளியாகத் தண்ணீரை விட்டாள். சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. சிங்காரி ஓடி ஓய்ந்திருந்தது, அசையவில்லை. டாக்டரய்யா சொன்ன மாதிரியே தொங்கிய கால் தானாகக் கழன்று விழுந்தது. அழகையா பல்லைக் கடித்துக்கொண்டான். ரெங்கம்மா இறகின் நுனியை மாவில் தோய்த்து உள்ளே கொண்டுபோனாள்.

அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அந்தக் கையால வேணாம். சீழ் கசியுது. அது மேல பட்டுரும்."

ரெங்கம்மா இறகைக் கீழே போடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் விரலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"வீங்கின அன்னைக்கே."

"அன்னைக்கே பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கலையே!" விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கங்காணி கேட்டாரு. கோடி வீட்டு ராசம்மா கேட்டா. டாக்டரய்யா கேட்டாரு. இந்தப் பூச்சிகிட்ட பகல் பூரா கேக்குற வாய்க்கு, என்கிட்ட கேக்க மட்டும் என்ன வந்துச்சு? நான் என்ன, கல்லா?"

அழகையா மடியிலிருந்த போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டா வலிக்குதுன்னு சொல்லுவ," என்றான்.

"சொல்லத்தான் செய்வேன்."

"சொன்னா, நாளைக்கு வேலைக்குப் போகாதன்னு நான் சொல்லணும். புருசங்காரன் அதைத்தானே சொல்லணும்? எந்த வாயால சொல்றது? நீ ஒரு நாள் போகலைன்னா இங்க அடுப்பு எரியாது. வலிக்குதான்னு கேட்டுட்டு, சரி, போயிட்டு வான்னு அனுப்பச் சொல்றியா?" அவன் மூக்கை உறிஞ்சினான். "இதுகிட்ட என்ன வேணும்னாலும் கேக்கலாம். இது காலையில பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுக்க வேண்டியதில்லை."

ரெங்கம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபத்தை இனி யார் தலையில் கொட்டுவது? பிறகு அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, இறகை இடது கைக்கு மாற்றி, மாவைக் காயத்தில் மெதுவாக ஒற்றினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை வைத்தபின் கசிவு நின்றது. போத்தலுக்குள் ஒரு சோடா மூடியில் தண்ணீர் வைத்தார்கள். போத்தல் வாயில் தகர மூடிக்குப் பதில் ஒரு துணியைக் கட்டினார்கள். சிங்காரி மிச்சமிருந்த கால்களை இழுத்துக்கொண்டு பட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

"பொழைச்சுக்கும்," என்றாள் ரெங்கம்மா. தனக்கே ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ராசம்மா வீட்டுல எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?" என்றான் அவன். "நானே போவேன். ஆனா நான் போய்ச் சேர விடிஞ்சிரும்."

தன் விரலுக்கான மருந்துக்கும் தானே நடக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் ரெங்கம்மா சிரித்துவிட்டாள். வாங்கி வந்தாள். அவன் கத்தியால் பழத்தைக் குடைந்து, உள்ளே உப்பும் மஞ்சளும் வைத்து, அவள் பெருவிரலில் மாட்டினான். அன்று ராத்திரி ரொட்டி வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதியபோது ரெங்கம்மா எழுந்தாள். விரல் வீக்கம் வடியவில்லை, இன்னும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. பழத்தை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ள முடியாது. அதைக் கழற்றினாள். செடி கீறாமலிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

அழகையா அவளுக்கு முன்னாலேயே விழித்து உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது லேசாக இருந்திருக்கும். ஆனால் இத்தனை காலம் காத்திருந்து வாங்கிய கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"வலிக்குது," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போகாதே என்று சொல்லவில்லை. போயிட்டு வா என்றும் சொல்லவில்லை. ரெங்கம்மா கழற்றிய எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்தாள்.